வாதம் என்னும் ஒரு சொல்

யாழ்ப்பாணத்துப் பெரியகடையிலோ கொழும்புப் புறக்கோட்டை கபோஸ் லேனிலோ உள்ள மருந்துக் கடையொன்றின் முன்னே அரைமணி நேரம் நின்று பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். வருவோரிற் பலர் முழங்காலையோ மணிக்கட்டையோ தொட்டுக் காட்டி, “வாதத்துக்கு ஒரு எண்ணெய் தாங்கோ” என்று கேட்பர். எந்த வாதம் என்று கடைக்காரர் கேட்பதில்லை, வாங்குவோரும் சொல்வதில்லை. போத்தல் கைமாறும், பணம் கைமாறும். நம்முடைய சுதேச வைத்தியத்தின் பெருமை குறித்து மேடைகளிற் பேசுவோர் ஒருமுறையேனும் அவ்விடத்தில் நின்று இக்காட்சியைக் காணல் வேண்டும்.

வாதம் என்ற சொல் இன்று எதனையும் அள்ளிப் போடும் ஒரு கடகமாகிவிட்டது. முதுமையில் தேய்ந்த முழங்காலின் நோவும் வாதம்; இளவயதிலேயே விரல்கள் கோணிப்போவதும் வாதம்; உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்து வீழ்வது பாரிசவாதம்; குனிந்த இடுப்பு நிமிர மறுத்தால் அதுவும் வாதம். (பட்டிமன்ற மேடைகளில் நிகழ்வதனையும் சேர்த்துக்கொண்டால் மருந்தே இல்லாத வாதமும் ஒன்று உண்டு.) ஆனால், இச்சொல்லை மருத்துவத்தில் ஆண்ட முன்னோர் அதனை இவ்வாறு வழங்கினாரல்லர். சரக சங்கிதை வாதத்தாலாகும் நோய்களை 80 என வகுத்தது. யூகிமுனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணியும் வாத நோய்களை 80 என்றே எண்ணுகின்றது. எண்பது என்ற தொகையில் நமக்கு நம்பிக்கை வேண்டுவதில்லை. ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிய வேண்டும் என்ற பிடிவாதம் அத்தொகைக்குள் இருக்கிறதே, அதுவே நாம் கவனிக்கத் தக்கது.

மூட்டு நோவை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆயுர்வேத நூல்கள் இதில் மூன்று நோய்களைத் தெளிவாக வேறுபடுத்துகின்றன. முதலாவது சந்திவாதம். மூட்டிலே தங்கிய வாதத்தால் வீக்கம் உண்டாகும். தொட்டால் காற்றடைத்த தோற்பைபோல் இருக்கும். நீட்டவும் மடக்கவும் நோகும் என்று சரகர் இதனை விளக்குவார். மூட்டின் குருத்தெலும்பு தேய்வதனால் முதுமையில் வருவதென இன்றைய வைத்தியர் கூறும் நோயோடு இதனைப் பெரும்பாலும் ஒப்பிடுகின்றனர். சித்த மருத்துவர் இதற்கு அழல் கீல்வாயு என்ற பெயரை வழங்குகின்றனர். கீல் என்பது மூட்டு. எவ்வளவு அழகான தமிழ்ச் சொல்!

இரண்டாவது வாதரத்தம். இது பெரும்பாலும் பாதத்திலே வேரூன்றி, சிலவேளை கையிலே தொடங்கி, எலியின் நஞ்சு பரவுவதுபோல் மெல்லமெல்ல உடலெங்கும் பரவும் என்பர். இதற்குச் சரகர் தரும் வேறு பெயர்களுள் ஒன்று ஆட்டியவாதம். செல்வர்க்கு வரும் வாதம் என்பது பொருள். உடல் அசையாது சுகமாய் உண்டு உறங்குவோரை இது பற்றும் எனக் கண்டனர். காற்பெருவிரலில் நள்ளிரவில் நெருப்பாய் எழும் ஒரு நோயை மேனாட்டாரும் நெடுங்காலம் அரசர் நோய் என்றே அழைத்து வந்தனர். குருதியிற் பெருகிய யூரிக் அமிலம் பளிங்குகளாக மூட்டிலே படிவதே அதன் காரணமென்பது பின்னர் அறியப்பட்டது. இரண்டு கண்டங்களில் இரண்டு கூட்டத்தார் ஒரே காட்சியைக் கண்டு, ஒரே சமூக உண்மையையும் குறித்து வைத்தமை சுவையானது.

மூன்றாவதே இக்கட்டுரைக்கு உயிர்நாடி. அதன் பெயர் ஆமவாதம். சரகரும் சுசுருதரும் இதனைத் தனிநோயாக விரிக்கவில்லை. ஏறத்தாழ கி.பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாதவகரர் தமது மாதவ நிதானம் என்னும் நூலிலேதான் இதற்கெனத் தனி அத்தியாயம் வகுத்தார். நிதானம் என்பது இங்கே பொறுமையன்று. நோயின் காரணத்தையும் குறிகளையும் ஆராய்ந்து துணிதல். ஒவ்வாத உணவு, மந்தித்த செரிமானம், உழைப்பின்மை, நெய்ப்பான உணவை உண்டவுடன் உடலை வருத்துதல் ஆகியவற்றால் அரைகுறையாய்ச் செரித்த அன்னரசம் ஆமமாகத் தங்கி, வாதத்தால் உந்தப்பட்டு மூட்டுகளிற் சேர்கிறது என்பது அவர் கருத்து. மூட்டுகளில் தேள் கொட்டினாற் போன்ற நோவு உண்டாகும். அதனோடு உடலெங்கும் உளைச்சல், சுவையின்மை, தாகம், காய்ச்சல், உடற்பாரம் எனக் குறிகளை அடுக்கிச் செல்லும் அவர், அவற்றினிடையே ஆலசியம் என்ற ஒன்றையும் வைக்கிறார். ஆலசியம் என்றால் சோம்பல்.

இந்த ஒரு சொல்லிலே நான் பலநாள் தங்கியிருக்கிறேன். அதற்கொரு காரணம் உண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு என்னோடு கற்பித்த ஓர் ஆசிரியைக்கு வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. காலையில் முதற் பாடவேளையிற் சுண்ணக்கட்டியைப் பிடிக்க விரல்கள் மடங்கா. பத்து மணிக்குமேல் எழுத்து வழக்கம்போல் முத்து முத்தாய் வரும். வீட்டிலே காலைச் சமையல் பிந்தியது. உடுப்புப் பிழிய இயலவில்லை. மாலை நான்கு மணிக்கே பாயைத் தேடும் அசதி. மாமியார் இதற்கு வைத்த பெயர் சோம்பல். பாடசாலையில் வரவுப் பதிவேடு வைத்த பெயர் பிந்திய வருகை. கணவர் நல்லவர், பட்டணத்தில் வாத எண்ணெய் வாங்கி வந்து இரவுதோறும் தம் கையாலேயே தேய்த்துவிட்டார். விரற் கணுக்கள் மேலும் வீங்கின. இவ்வாறு இரண்டு ஆண்டுகள் சென்றன.

பின்னர் அயலூர்ப் பரியாரியார் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றனர். முதியவர்; பலகை போட்ட வைத்தியசாலை எதுவும் அவருக்கில்லை. நாடி பார்த்ததும் உண்டு. ஆயினும் அதனினும் நீண்ட நேரம் அவர் கேள்வியே கேட்டார் என்று அந்த ஆசிரியை எனக்குச் சொன்னார். “பிள்ளை, காலமை எழும்பினால் கை விரிய எவ்வளவு நேரம் செல்லும்? வாய்க்கு ருசி இருக்கோ? இரண்டு கையும் ஒரே மாதிரி நோகுதோ?” எல்லாவற்றையும் கேட்டபின் அவர் முதலிற் சொன்னது, “அந்த எண்ணெயை எடுத்து வை” என்பதே. மணலை வறுத்துத் துணியிற் கட்டி ஒற்றடம் பிடிக்கவும், இரவில் உணவைக் குறைக்கவும், வேர்க்கொம்புக் குடிநீர் அருந்தவும் சொன்னார். இறுதியில், “இது என்னோடை மட்டும் நிற்கிற வருத்தமில்லை, பெரியாஸ்பத்திரிக்கும் போய்க் காட்ட வேணும்” என்றும் சொல்லியனுப்பினார். அங்கே குருதியைச் சோதித்து, இன்றைய மருத்துவத் தமிழில் முடக்குவாதம் எனப்படும் நோய் என்று உறுதி செய்தார்கள். கோணிய இரு விரல்கள் பின்னர் நிமிரவேயில்லை. மற்றைய எட்டும் பிழைத்தன.

எண்ணெயை எடுத்து வைக்கச் சொன்னது அந்தப் பெரியவரின் தனிப்பட்ட யூகமன்று. நூல் நெறியே அதுதான். 11ஆம் நூற்றாண்டில் வங்க நாட்டுச் சக்கரபாணிதத்தர் ஆமவாத சிகிச்சையை வகுத்தபோது பட்டினியை அல்லது இலகுவான உணவை முன்வைத்தார். அதன்பின் வியர்ப்பித்தல், கசப்பும் காரமுமான பசிதூண்டும் மருந்துகள், பேதி என வரிசை செய்தார். வியர்ப்பிப்பதும் எண்ணெயின்றி, மணல் மூட்டையால் உலர்ந்த வெப்பங் கொடுத்தே செய்யத்தக்கது. சந்திவாதத்திலோ நிலை நேர்மாறு. அங்கே மூட்டு வறண்டது. ஆதலால் எண்ணெயும் நெய்ப்பும் ஒத்தடமுமே முதல் மருந்து. ஒன்றுக்கு அமுதமாவது மற்றொன்றின் தொடக்க நிலையில் விலக்கப்பட்டது. ஆமவாதத்தில் உள்ளுக்குக் கொடுப்பதற்கு அவர்கள் மிகவும் போற்றிய எண்ணெய் ஒன்று உண்டு, அது ஆமணக்கெண்ணெய். இதையெல்லாம் வகுத்த மரபின் பெயரால் எல்லா மூட்டுக்கும் ஒரே போத்தலை விற்கிறோம்! எண்ணெயைக் காப்பாற்றிக்கொண்டோம், நிதானத்தைக் கைவிட்டோம்.

நம் வீடுகளிலும் இந்த விவேகத்தின் எச்சங்கள் சில உள்ளன. முடக்கை அறுப்பது என்ற பொருளிலே முடக்கறுத்தான் எனப் பெயர்பெற்ற கொடி நம் வேலிகளிற் படர்ந்து, முடக்கொத்தான் எனத் திரிந்து, ரசமாகி உணவோடு சேர்ந்துவிட்டது. நொச்சி இலையை அவித்து வேது பிடிப்பதும், கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீரும் எந்தப் புத்தகத்தையும் பாராது தாய்மார் செய்வன. இவற்றால் நோய் வேரோடு போய்விடும் என்று நான் சொல்லவில்லை. சூடு தசையைத் தளர்த்தும். இஞ்சிக்கு வீக்கந் தணிக்கும் தன்மை உண்டென்பதை ஆய்வுகளும் ஓரளவு ஏற்கின்றன. நோயாளியின் அருகே ஒருவர் அரைமணி நேரம் இருக்கிறாரே, அதனையும் மருந்துக் கணக்கிற் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எண்ணெய் காய்ச்சுதலும் எளிய தொழிலன்று. மூலிகைச் சாறும் அரைத்த கற்கமும் எண்ணெயோடு சேர்ந்து சிறு தீயிலே காய, வண்டல் சேற்றுப் பதத்தினின்று மெழுகுப் பதத்துக்கும் பின் மணற் பதத்துக்கும் வரும். உள்ளுக்கு ஒரு பதம், பூச்சுக்கு ஒரு பதம். திரியொன்றை நனைத்துக் கொளுத்தினால் படபடவென்ற ஓசை எழாது எரிய வேண்டும். ஓசை எழுந்தால் நீர் இன்னும் வற்றவில்லை. இன்ன நோயாளிக்கு இன்ன எண்ணெய் என்று காய்ச்சிய காலத்தில், எண்ணெய்க்கு முன்னே ஒரு பரிசோதனை நிகழ்ந்தே தீரும். போத்தல் வந்தபின் அப்படி நிகழ வேண்டிய கட்டாயமில்லாமற் போயிற்று.

ஈழத்துத் தமிழருக்கு இத்துறையில் எழுத்து மரபும் உண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் செய்யுளில் அமைந்தவை. ஏட்டில் இருந்தவற்றை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அச்சேற்றினார். அதற்கு முன்பே, 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றி 1873இல் மீண்ட அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களையும் தமிழாக்கினார். இரு மருத்துவமும் ஒரே மொழியில், ஒரே குடாநாட்டில், சில கட்டை தூரத்தில் இருந்தன. எனினும், அவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டது குறைவு. பொறளையில் சுதேச வைத்தியக் கல்லூரி 1929இல் தோன்றியது. ஆயுர்வேதச் சட்டம் 1961இல் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவக் கல்வி 1984இல் தொடங்கியது. பட்டம் பெற்ற வைத்தியர் இன்று நம்மிடையே பலர் உளர். நோயாளியோ இன்னும் கடைக்காரரிடமே முதலிற் போகிறார்.

இதிலே இழப்பது பணம் மட்டுமன்று. முடக்குவாதம் என்பது உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே பகையென்று தாக்குவதனால் வருவது. ஆண்களிலும் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பற்றும். தொடக்க மாதங்களிலேயே அதனை அடக்காவிடின் எலும்பு அரிக்கப்பட்டு மூட்டு உருமாறும். உருமாறிய மூட்டை எந்தத் தைலமும் மாத்திரையும் மீட்பதில்லை. மெதோட்ரெக்சேற்று என்னும் மருந்து 1980களிலிருந்து இதற்குப் பரவலாக வழங்கப்பட்டு, பல்லாயிரவரின் கைகளைக் காத்திருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே, குருதிச் சோதனையோடு உட்கொள்ள வேண்டிய மருந்து அது. நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே, காலையில் ஒரு மணி நேரம்வரை விறைப்பு நிற்கிறதா, சிறு மூட்டுகள் இருபக்கமும் ஒருங்கே வீங்குகின்றனவா, காரணமற்ற அசதி உண்டா என்ற கேள்விகள் இரு மருத்துவத்துக்கும் பொதுவானவை. முதுமைத் தேய்விலோ விறைப்பு அரைமணிக்குள் விட்டுவிடும். அதற்கு முதன்மையானவை தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் உடல் நிறையைக் குறைத்தலுமே.

இனி, பழைய மருந்துகள் சோதனைக்கு நின்றனவா என்ற கேள்வி. கோயம்புத்தூரில் 43 முடக்குவாத நோயாளரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதம், ஒரு பிரிவுக்கு மெதோட்ரெக்சேற்று, மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் எனக் கொடுத்து, யாருக்கு எதுவென்று நோயாளரும் மதிப்பிட்டோரும் அறியாதவாறு 36 வாரம் நடத்திய ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. மூன்று பிரிவிலும் பயன் ஏறத்தாழ ஒத்திருந்தது. இச்செய்தியைக் கேட்டு ஆரவாரிப்போர், 43 பேர் என்பதனை மறந்துவிடலாகாது, அது முன்னோட்டமே. ஆனால் என் கவனத்தைக் கவர்ந்தது மற்றொன்று. அங்கே ஆயுர்வேத வைத்தியர் ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே பார்த்து, மருந்தை வேறுபடுத்திக் கொடுக்க அனுமதிக்கப்பட்டார். சோதிக்கப்பட்டது போத்தலன்று, நிதானமே சோதிக்கப்பட்டது. பூனே நகரத்து அர்விந்த் சோப்ராவும் குழுவினரும் முழங்கால் தேய்வுள்ள 440 பேரிடம் இஞ்சி, சீந்தில், நெல்லி, குந்திரிக்கம் ஆகியவற்றின் சத்தைச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்விலே, 24 வாரத்தில் அது மேனாட்டு வலிநிவாரணிக்கு நிகராய் நின்றது. அதே ஆய்வு, மருந்துண்ட சிலரிடம் ஈரலைக் காட்டும் குருதி அளவொன்று உயர்ந்ததையும், மருந்தை நிறுத்தியதும் அது தணிந்ததையும் மறைக்காது எழுதியது.

இவ்வாறு மறைக்காது எழுதுதலே நமக்கு வேண்டியது. மூலிகை என்றால் தீங்கில்லை என்பது வீண் நம்பிக்கை. அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தமை 2004இல் வெளியாயிற்று. 2021இல் மும்பையிற் சீந்தில் உண்ட சிலருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாக வைத்தியர் எழுதினர். அது சீந்திலே அன்று, அதனையொத்த வேறொரு கொடியாயிருக்கலாம் என்று இந்திய ஆயுஷ் அமைச்சு மறுத்தது. மறுப்பு உண்மையாயினும் ஆறுதலில்லை. சீந்திலையும் அதன் போலியையும் கடையிலே பிரித்தறியாதவன் கையிலிருந்து அல்லவா மருந்து நமக்கு வருகிறது?

2006ஆம் ஆண்டின் இறுதியிற் சிக்குன்குனியாக் காய்ச்சல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பு, மன்னார், புத்தளம், கொழும்புப் பகுதிகளிலும் பரவியதைப் பலர் மறந்திரார். கிழக்காபிரிக்க மக்கொண்டே மொழியில் அப்பெயர் கூனிப்போதலைக் குறிக்கும். 1952இல் அங்கே முதன்முதல் அறியப்பட்டது. காய்ச்சல் சில நாளில் விட்டது. மூட்டு நோவும் அசதியும் சிலருக்கு மாதக் கணக்கில், சிலருக்கு அதனினும் நெடிது நின்றன. அவ்வாண்டு ஆகத்து மாதமே ஏ9 வீதி மூடப்பட்டுவிட்டதனால் குடாநாட்டிலே எல்லாப் பண்டமும் அருகியிருந்தது. கையில் இருந்தது நொச்சியும் வேர்க்கொம்புமே. குனிந்தபடி முற்றத்தைக் கடந்த மனிதரைத் தெருத்தெருவாய்க் கண்டோம். அந்த நோயின் பின் வந்த அசதியை எவரும் சோம்பல் என்று சொல்லவில்லை. ஏனெனில் ஊரே அசந்திருந்தது. தனியொருத்திக்கு வந்தபோதுதான் அது சோம்பல் எனப்பட்டது.

இன்றும் நோயாளர் இரு வைத்தியரிடமும் போகின்றனர். ஒருவரிடம் மற்றவரை மறைக்கின்றனர். ஆஸ்பத்திரி வைத்தியர் ஏசுவார் என்று சூரணத்தைச் சொல்வதில்லை; பரியாரியார் மனம் நோவார் என்று மாத்திரையைச் சொல்வதில்லை. இரண்டும் போய்ச் சேரும் ஈரலோ ஒன்றே. கிறீன் வைத்தியரின் நூல்களும் பரராசசேகரமும் பேசாதிருந்த மௌனம் இன்று ஒரு பெண்ணின் கைப்பைக்குள் இரண்டு பொட்டலங்களாக இருக்கிறது.

பெயர்க் குழப்பம் நோயோடும் நிற்கவில்லை, மருந்திலும் உண்டு. ஆமவாதக் கசாயங்களிற் சிறந்ததாகப் பேசப்படும் ராஸ்னாதி, ராஸ்னா என்னும் சரக்கை முதலாகக் கொண்டது. ராஸ்னா எது? வடநாட்டார் புளூக்கியா என்னும் இனத்துச் செடியொன்றைக் காட்டுவர். கேரளத்தாரும் நாமும் அரத்தையைக் காட்டுவோம். சிங்கள மக்கள் ஹீன் அரத்த என்று வளவிலே வளர்ப்பதும் அவ்வினமே. ஒன்று சூரியகாந்திக் குடும்பம், மற்றது இஞ்சிக் குடும்பம். இரண்டும் ஒரே சுலோகத்தின் பெயரால், ஒரே நோய்க்கு, ஆண்டாண்டுக் காலமாக அவிக்கப்பட்டு வருகின்றன. இரண்டினையும் ஒருங்கே வைத்து, ஒத்த நோயாளரிடம் ஒப்பிட்டுப் பார்ப்பது நமது சித்த, ஆயுர்வேத மாணவருக்கு எட்டாத வேலையன்று. அரத்தை வளவிலேயே நிற்கிறது.